பைனாகுலரைக் கெடுத்தது யார்?



நம் பள்ளிச் சுவரிதழில் இதுவரை நான் ஒரு விடுகதைகூட எழுதியதில்லை. இந்த முறை அறிவியல் டீச்சர், "கூந்தன்குளம் போனதைப் பத்தி நீதான் எழுதணும். பைனாகுலர் விஷயத்தையும் மறைக்காம எழுது" என்று சொல்லிவிட்டார்கள். பறவைகளைப் பத்தி மட்டும் எழுதிட்டு அந்த விஷயத்தை விட்டுடலாம்னுதான் முதலில் நினைச்சேன். ஆனால் அதை விட்டுட்டா எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

2025 மார்ச் 8, சனிக்கிழமை. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. பசுமைப்படையில் இருந்து 22 பேர், அறிவியல் டீச்சர், பி.டி. சார் எல்லோரும் விடியற்காலையிலேயே வேனில் கிளம்பினோம். ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. "பளீர்னு கலர் டிரெஸ் போடக்கூடாது, பவுடர் சென்ட் போடக்கூடாது, சத்தம் போடக்கூடாது" என்று முதல் நாளே டீச்சர் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது மட்டும் எங்களால் முடியவில்லை. நாங்குநேரி பக்கம் போகிற வரைக்கும் வேனில் ஒரே பாட்டுதான்.

கூந்தன்குளம் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி வட்டத்தில் இருக்கிற சின்ன ஊர். மழைத் தண்ணீரும் மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் வந்து குளம் நிறையும். குளம் நிறைந்ததும் பறவைகள் வந்துவிடும். 1994-இல் இதைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. ஆனால் அதற்கு ரொம்ப காலம் முன்னாடியிருந்தே ஊர்க்காரர்கள்தான் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள்.

புத்தகத்தில் இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. ஆனால் நம்ம பக்கத்துப் புங்க மரத்துக்கு அது தெரியாது போல. பங்குனி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே குளத்தங்கரைப் புங்க மரங்கள் எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி இளம் பச்சையாகத் தளிர் விட்டிருந்தன. வேப்ப மரத்தில் பூ வாசம் லேசாக ஆரம்பித்திருந்தது. வேலிக் கல்லின் மேல் ஓர் ஓணான் கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. "அது ஆண் ஓணான். இது அதுக்கு ஜோடி தேடுற காலம்" என்று டீச்சர் சொன்னதும் பையன்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

கரையில் நடக்க ஆரம்பித்தோம். இங்கே என்னைப் பத்திக் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், பின்னால் வரப்போவதற்கு ஈடு கட்ட வேண்டுமே! தூரத்து மரத்தில் இருந்து 'டொங், டொங், டொங்' என்று ஒரு சத்தம். செம்புப் பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி. நான் உடனே, "குக்குறுவான்!" என்றேன். கொஞ்ச நேரத்தில் புதருக்குள் இருந்து 'ஊப், ஊப், ஊப்' என்று அடிவயிற்றுக் குரல். "செம்போத்து!" என்றேன். வயல் பக்கம் இருந்து கோபமாக ஒரு கத்தல். "அது ஆள்காட்டி. நம்மளைப் பார்த்துட்டு ஊருக்கே தகவல் சொல்லுது" என்றேன். எல்லாம் சரி! என் பக்கத்து பெஞ்சுத் தோழி, "ஏட்டி, பறவையைப் பாக்காமலே எப்படிட்டி சொல்லுத?" என்று கேட்டாள்.

எனக்கு இதெல்லாம் ஆச்சி சொல்லிக் கொடுத்தது. சின்ன வயசில் லீவு நாளில் ஆச்சியோடு ஆடு மேய்க்கப் போவேன். ஆச்சி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தா கரிச்சான் கத்துது, இந்தா மைனா சண்டை போடுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நானும் அப்படியே பழகிட்டேன்.

அடுத்ததாக இன்னொரு சாதனையும் செய்தேன். வழியோரம் நின்ற எருக்கஞ்செடி இலைக்கு அடியில் வெள்ளையும் கருப்பும் மஞ்சளுமாக வரி போட்ட ஒரு புழுவை முதலில் பார்த்தது நான்தான். அது வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழுவாம். எருக்கிலையைத் தின்றுதான் வளருமாம். எருக்கம்பாலில் விஷம் இருக்கிறது அல்லவா? அது புழுவின் உடம்பிலும், பிறகு பட்டாம்பூச்சியின் உடம்பிலும் தங்கிவிடுவதால், பறவைகள் அதைத் தின்னாமல் விட்டுவிடுமாம். டீச்சர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். நோட்டில் வேகமாகப் படம் வரைந்தேன்.

இதுவரைக்கும் நான்தான் ராணி. குளத்தின் நடுவே கருவேல மரங்கள் தெரிகிற இடத்துக்கு வந்ததும்தான் என் ஆட்டம் முடிந்தது.

"அடேயப்பா!" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். டீச்சர் வாயில் விரலை வைத்தார்கள். "எவ்வளவு பெரிய நாரை! மரம் முழுக்க!" "அந்தா பாரு, கூட்டுல குஞ்சு!" "றெக்கையில ரோஸ் கலர் இருக்கு பாரு!" என்று ஆளாளுக்குக் குசுகுசுத்தார்கள்.

எனக்குத் தெரிந்தது என்ன தெரியுமா? பச்சையாக ஒரு கலங்கல். அதன் மேல் வெள்ளை வெள்ளையாக யாரோ சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி சில புள்ளிகள். அவ்வளவுதான்.

இதற்கு மேல் மறைக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு அரையாண்டில் இருந்தே எனக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். பிறகு அதுவும் போச்சு. பக்கத்து பெஞ்சுத் தோழியின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவேன். கணக்கில் 3-ஐ 8 என்று எழுதி, கழித்தலைக் கூட்டலாக்கி, மார்க் குறைந்துகொண்டே வந்தது. "கவனம் இல்லை" என்று ரேங்க் கார்டில் எழுதி வந்தது. அப்பா கையெழுத்துப் போடும்போது ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா கண்ணாடி போட்டபோது ஆச்சி சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது: "பொட்டப்புள்ளைக்குக் கண்ணாடியா? நாளைக்கு எவன் வந்து கெட்டுவான்?" வகுப்பில் கண்ணாடி போட்ட ஒருவனை 'சோடாபுட்டி' என்று கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுகிற வேலை பார்க்கிறார்கள். கண்ணாடிக்கு எவ்வளவு ஆகுமோ என்கிற பயம் வேறு. அதனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே எனக்கும் தெரிகிறது என்று நடித்துக்கொண்டே இருந்தேன். காதும் கிட்டத்துப் பார்வையும் நன்றாக இருந்ததால் மாட்டிக்கொள்ளவே இல்லை.

ஆனால் நாரை விஷயத்தில் காது உதவவில்லை. மஞ்சள் மூக்கு நாரை வளர்ந்துவிட்டால் அதற்குக் குரலே கிடையாது என்று சொல்லலாம். அலகை 'டக டக' என்று தட்டும், அவ்வளவுதான். குஞ்சுகள் மட்டும்தான் தீனி கேட்டு விடாமல் கத்தும். மரம் நிறையப் பெரிய பறவைகள் நிற்கின்றன, ஒன்றுகூடத் தன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறது! கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

எங்களிடம் இரண்டு பைனாகுலர் இருந்தன. எங்கள் குழுவில் முதலில் டீச்சர் பார்த்து, நடுவில் இருக்கிற சக்கரத்தைத் திருப்பிச் சரி பண்ணி, வரிசையாகக் கொடுத்தார்கள். தோழி பார்த்தாள். "ஐயோ, கண்ணு பக்கத்துல நிக்குது!" என்றாள். என் முறை வந்தது. வைத்துப் பார்த்தேன். முன்பு சின்னதாகத் தெரிந்த கலங்கல் இப்போது பெரிய கலங்கலாகத் தெரிந்தது. "ஆமா, சூப்பரா இருக்கு" என்றேன்.

இரண்டாவது சுற்றில்தான் அது நடந்தது. பைனாகுலரைப் பிடிக்கும்போது என் விரல் அந்தச் சக்கரத்தில் பட்டு அது கொஞ்சம் திரும்பியது. கலங்கல் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம்.

சட்டென்று ஒரு நாரை என் முன்னால் நின்றது!

மஞ்சள் அலகு, நுனியில் லேசாகக் கீழே வளைந்திருக்கிறது. மூஞ்சியில் இறகே இல்லை, ஆரஞ்சுச் சிவப்பு. வெள்ளை உடம்பு, மார்பில் கருப்புப் பட்டை, வால் பக்கம் யாரோ ரோஜாப்பூவைக் கசக்கித் தேய்த்த மாதிரி இளஞ்சிவப்பு. அதன் கண் தெரிந்தது. அது நின்ற கிளையில் இருந்த முள்கூடத் தெரிந்தது. இலை என்பது தனித்தனியாக இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அரை நிமிடம்தான். "ஏட்டி, குடு" என்று வாங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என் முறை வரும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். குளத்தின் நடுவில் கூழைக்கடா, அலகுக்குக் கீழே பை தொங்க மிதப்பதைப் பார்த்தேன். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழியைப் பார்த்தேன். முக்குளிப்பான் ஒரு இடத்தில் முங்கி வேறு இடத்தில் எழுவதைப் பார்த்தேன். தலையில் இரண்டு கருப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்துகள் கரையோரம் மேய்ந்தன. அவை இமயமலையைத் தாண்டிப் பறந்து வந்தவை என்று டீச்சர் சொன்னார்கள். "வெயில் ஏற ஏற ஒவ்வொரு கூட்டமா கிளம்பிடும். நல்லாப் பார்த்துக்கோங்க" என்றார்கள். நானும் நல்லாப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் பைனாகுலர் டீச்சர் கைக்குப் போனதும், "யாரு இதைத் திருப்பினது? ஒரே மங்கலா இருக்கே" என்றார்கள். மாணவர்களில் யாரும் குறை சொல்லவில்லை, டீச்சருக்கு மட்டும் மங்கியது. மூன்றாம் முறை ஒரு பையன், "இவகிட்ட போயிட்டு வந்தாலே பைனாகுலர் கெட்டுப்போகுது டீச்சர்" என்று போட்டுக் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பி.டி. சார் எல்லோரையும் ஊருக்குள் கூட்டிப் போனார். டீச்சர் மட்டும், "நீ என்னோட வா" என்று என்னைக் கண்காணிப்புக் கோபுரத்துக்குக் கூட்டிப் போனார்கள். மேலே போனதும் பைனாகுலரைத் தன் கண்ணுக்குச் சரி பண்ணி, ஒரு மரத்தைக் காட்டி, "அந்த உச்சிக் கூட்டுல எத்தனை குஞ்சு?" என்று கேட்டார்கள்.

எனக்கு வெள்ளைக் கலங்கல்தான் தெரிந்தது. காலையில் தோழி சொன்னது ஞாபகம் வந்தது. "மூணு டீச்சர்" என்றேன்.

"அது காலிக் கூடு" என்றார்கள் டீச்சர்.

எனக்கு வியர்த்துவிட்டது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "எருக்கிலைக்கு அடியில இருந்த புழுவை எல்லாருக்கும் முன்னாடி நீ பார்த்தே. நாப்பது அடி தூரத்துல இருக்கிற போர்டைக் காலையில நீ படிக்கவே இல்லை. பைனாகுலரை ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாத்தான் திருப்பியிருக்கே. கிட்டப்பார்வை இருக்கிறவங்களுக்கு அப்படித் திருப்பினாத்தான் தெரியும். உங்க வயசுப் பிள்ளைங்க கண்ணு அதுக்கு ஏத்தாப்ல தன்னை மாத்திக்கும். என் வயசுக்கு அது முடியாது. அதான் எனக்கு மட்டும் மங்குது. எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வருஷத்துக்கு மேல டீச்சர்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி சொன்னது, சோடாபுட்டி, அப்பா, கணக்கு மார்க், எல்லாம்.

டீச்சர் கீழே குளத்தைக் காட்டினார்கள். ஆழமில்லாத இடத்தில் சில வெள்ளை உருவங்கள் நின்றன. "இப்போ உன் கண்ணுக்குத் திருப்பிப் பாரு" என்றார்கள். பார்த்தேன். ஒரு நாரை அலகைப் பாதி திறந்து சேற்றுத் தண்ணீருக்குள் விட்டு, தலையை அங்கேயும் இங்கேயும் ஆட்டியபடி நடந்தது. திடீரென்று அலகை மூடியது. மீன்!

"அது மீனைக் கண்ணால பார்த்துப் பிடிக்கலை. அலகுல ஏதாவது பட்டாலே டக்குனு மூடிக்கும். கலங்கின தண்ணியிலகூட மீன் பிடிக்கும்" என்றார்கள்.

எனக்கு ஒரு சந்தோஷம். "அப்போ அதுவும் என்னை மாதிரிதான் டீச்சர், பார்க்காமலே சமாளிக்குது" என்றேன்.

"அதுக்கு அலகு இருக்கு. உனக்கு இருக்கா?" என்று கேட்டார்கள். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

பிறகு நானே தேடி ஒரு கூட்டைக் கண்டுபிடித்தேன். உச்சி வெயில் நேரம். தாயோ தகப்பனோ தெரியவில்லை, ஒரு நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு றெக்கையையும் குடை மாதிரி விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் குஞ்சுகள் இருந்தன. எண்ணினேன், இரண்டு. இந்த முறை பொய் இல்லை. எனக்கு என்னமோ அப்பா ஞாபகம் வந்தது. கண் கலங்கி, பைனாகுலர் மறுபடியும் மங்கிவிட்டது. அதற்குச் சக்கரம் திருப்பியும் பிரயோஜனம் இல்லை.

ஊருக்குள் போனபோது மற்றவர்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டு மரத்திலேயே நாரைக் கூடுகள் இருந்தன. முற்றம் முழுக்க எச்சம், மீன் நாற்றம். பையன்கள் மூக்கைப் பிடித்தார்கள். அந்த வீட்டுப் பாட்டியோ, "பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த புள்ளைகளை நாத்தம்னு விரட்ட முடியுமாய்யா?" என்று கேட்டார்கள். பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரமாம். பறவைக்கு ஊர், ஊருக்குப் பறவை!

திங்கட்கிழமை டீச்சர் அப்பாவை வரச் சொன்னார்கள். நம்மைப் போல அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் பயந்தது எல்லாம் வீண். டாக்டர் பரிசோதித்து, மைனஸ் 2.25 என்று எழுதினார். அப்பா வெளியே வந்ததும், "ஏம்மா, என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கண்ணாடி வந்த அன்று பள்ளி வாசல் வேப்ப மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு இலையும் தனித்தனியாக, ஓரத்தில் ரம்பம் மாதிரிப் பல்லோடு இருந்தது. மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை. வகுப்புக்குள் போனதும் இரண்டு பேர் 'சோடாபுட்டி' என்றார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையில் இருந்த தேதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் முன்பு அப்படிக் கூப்பிட்ட அந்தப் பையனிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். அவன், "பரவாயில்லை, மழை வந்தா துடைக்க ஒரு துணி வச்சுக்கோ" என்று யோசனை சொன்னான்.

ஆச்சி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் டாக்டரிடம் போனபோது கூட வந்த ஆச்சியின் கண்ணையும் டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரையாம். மரத்தடியில் நிமிர்ந்து பார்க்காமலே ஆச்சி பறவைப் பெயர் சொன்னது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஆபரேஷனுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. "எனக்கு எதுக்குட்டி இனிமே?" என்கிறார்கள். விடமாட்டேன். டீச்சரை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன்.

மே மாத லீவில் அப்பாவோடு மறுபடியும் கூந்தன்குளம் போனேன். இந்த முறை பைனாகுலர் இல்லை, என் கண்ணாடி மட்டும்தான். நாரைக் குஞ்சுகள் பெரிசாகி, பழுப்பு நிறத்தில், கிளையில் நின்று றெக்கை அடித்துப் பழகிக்கொண்டிருந்தன. வரித்தலை வாத்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் இமயமலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. என் சொந்தக் கண்ணால் அவற்றைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. பரவாயில்லை, மழை முடிந்து குளம் நிறையட்டும். மார்கழி, தை வாக்கில் அவை வரும். அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி தங்கைகளே! உங்களில் யாராவது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, "தெரியுது டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். தெரியவில்லை என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் ஒன்றரை வருஷம் வெட்கப்பட்டு, ஒன்றரை வருஷத்து வேப்ப மரத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

பைனாகுலரைக் கெடுத்தது நான்தான். ஆனால் அது கெடவில்லை!



— பசுமைப்படை மாணவி, 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு

உங்களுக்குத் தெரியுமா?

★ ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-இல் ஈரநிலங்களைக் காக்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்த தமிழ்நாட்டு இடங்களில் நம் கூந்தன்குளமும் ஒன்று.

★ பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் கிட்டப்பார்வை வரும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுவதுதான் காரணம். குழிலென்ஸ் அதைச் சரி செய்யும். இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க் கிடைக்கும்!

★ மரத்தில் இருந்து விழுந்த குஞ்சைக் கண்டால் நாமே தூக்கி வளர்க்கக்கூடாது. சரணாலயத்தில் இருக்கும் வனத்துறையினரிடம் சொல்ல வேண்டும்.